வாசிக்காமல் விட்ட பக்கம்

வினிஃப்ரெட் டிசார்ட் ஓய்வு பெறுகிறார்.
துணை ஆணையர் ஐந்து நிமிடம் பேசட்டும் என்றார்கள்.
கேக்கின் மேல் பெயர் எழுதலாமா என்று
பேக்கரிக்காரி கேட்டபோது
அலுவலகமே சிரித்தது.

செயின்ட் ஜான்ஸ் துறைமுகம் பார்த்த மூன்றாம் மாடி.
மூடுபனி இறங்கினால் கப்பல்கூடத் தெரியாது.
ஆனால் யார் யாருடைய காரில் போனார் என்பது
மறுநாள் மீன்கடை வரிசை முழுக்கத் தெரியும்.
உலைவாய்க்கு மூடியுண்டு, ஊர்வாய்க்கு ஏது?
அந்த மூடியைச் செய்து தரத்தான்
மாகாண அரசு அவரைப்
பன்னிரண்டு ஆண்டுகள் உட்காரவைத்தது.

மேடையில் இவற்றையெல்லாம் சொன்னேன்:
முன்னாள் கணவனின் புது மனைவியை
மருத்துவமனைக் கணினியில்
நாற்பத்தொரு இரவுகள் தேடிய எழுத்தர்.
பள்ளிப் பேருந்துக்குள் ஒளிந்திருந்த கேமரா.
அமைச்சர் தொலைபேசியில் கத்தியபோது
ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டு
அவர் நிதானமாக ஆரஞ்சு உரித்தது.
கைதட்டினார்கள்.

சொல்லாதது ஒன்று.

அந்த மனிதரை சிரில் என்று வைத்துக்கொள்வோம்.
ஊர் ▇▇▇▇▇▇.
மீன் ஆலையின் கன்வேயர் அவர் தோளைத் தின்றது.
இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்.
காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுந்து நின்றவர்
முப்பத்திரண்டு வயது வினிஃப்ரெட்.
கையில் ஒரு கோப்பு,
ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டுத்தாள்.
"அந்த நவம்பரில்
எந்த வார்டில் இருந்தீர்கள், ஐயா?"
பின்வரிசையில் மனைவி இருந்தாள்.
கணவன் அந்த மாதம்
டொரான்டோவில் கூரை வேய்ந்ததாகத்தான்
அவள் அதுவரை நம்பியிருந்தாள்.

கேள்வி சட்டப்படி சரி.
ஆவணம் முறைப்படி பெற்றது.
வழக்கு ஜெயித்தது.
அன்று மாலை மூத்த பங்குதாரர்
விஸ்கி வாங்கித் தந்தார்.

இருபத்தாறு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு புகார்.
கோடு போட்ட தாள்,
வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும் எழுத்து
(தோள், அந்தத் தோள்).
மருத்துவமனையில் யாரோ என் கோப்பைப் பார்த்திருக்கிறார்கள்.
கடைசியில்:
"இது திறக்கப்படுவது இரண்டாம் தடவை.
முதல் தடவை தப்பில்லை என்றார்கள்."
யார் பெயரையும் எழுதவில்லை.
எங்கள் படிவத்தின் நெற்றியிலேயே
ஆணையர் பெயர் அச்சாகியிருக்கிறது.
அவர் கவனித்தாரா,
கண்ணாடி இல்லாமல் நிரப்பினாரா,
இன்றுவரை தெரியாது.

வினிஃப்ரெட் அதை என் மேசையில் வைத்தார்.
"நான் தொடக்கூடாது. நீ பார்."
விலகலுக்குக் காரணம் பதிய வேண்டுமே என்றேன்.
சொன்னார்,
மழைக்கோட்டுகூடக் கழற்றாமல், நின்றபடி.
நான் மூன்று வார்த்தையில் எழுதினேன்:
முன்பே அறிமுகம் உண்டு.

விசாரித்தேன். எட்டிப்பார்த்தவருக்கு வேலை போனது.
சிரிலுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது.
நன்றி என்று பதில் வரவில்லை, ஏன் வரவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு
அவர் கையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.
மன்னியுங்கள் என்று தொடங்கினால்
எதற்கு என்று சொல்ல வேண்டும்.
எதற்கு என்று சொன்னால்
வார்டு வரும், நவம்பர் வரும்.
கடிதமென்றால் நகல்,
நகலென்றால் எண்,
எண்ணென்றால் அலமாரியில் ஓர் இடம்.
"மூன்றாம் தடவை திறக்க
நாமே ஒரு கோப்பை உண்டாக்குவதா?"
என்னைக் கேட்கவில்லை.
துண்டாக்கும் எந்திரம் அன்று பழுது.
கையால் கிழித்தார்.
சின்னத் துண்டுகள், பிறகு
அதைவிடச் சின்னவை.
மழைக்கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு
மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.

இன்று விழா முடிந்து
அதே கோட்டை மாட்டிக்கொள்ள நான் பிடித்தேன்.
"நல்லாப் பேசினாய்" என்றார்.
"நிறைய விட்டுவிட்டாய்" என்றும்.

சிரில் அவர் பெயரல்ல, முதலிலேயே சொன்னேன்.
மீன் ஆலையும் இல்லை.
தோளும் தோளல்ல.
ஆரஞ்சு மட்டும் ஆரஞ்சுதான்.