ஒரு கட்டை

மூன்றாவது பாட்டில் மேடை சிவக்க வேண்டும்.
நீலம் வந்தது.
முன்வரிசை டத்தோ அதற்கும் கைதட்டினார்.
எனக்குக் காது சுட்டது.

டத்தோ கிராமட் சாலையில்
வாடகைக்கு எடுத்த மண்டபம்.
வெளியே மழை, தகரக்கூரை
கேட்காமலே தாளம் போட்டது.
என் மேசைக் காலில் கட்டித் தொங்கிய தே ஓ பையில்
ஐஸ் கரைந்து
தண்ணீர் மேலே தனியாக நின்றது.

ஏற்பாடு எளியதுதான்.
ஜெசிந்தாவின் கீபோர்டில்
இடது கோடிக் கட்டைகள் பாடாது, ஊமைகள்.
தொட்டால் சேதி மட்டும் கிளம்பும்
ஐந்து முள் வயரில்,
நாற்பது அடி ஊர்ந்து என் பலகைக்கு.
ஒன்றுக்கு நீலம். இரண்டுக்குச் சிவப்பு.
மூன்று வெள்ளை, நான்கு பொன்.
இரண்டரைக் கறுப்பில் மின்னலை ஒளித்து வைத்திருந்தேன்,
ஏழாவது குத்துப்பாட்டுக்காக.

வயர் ரோசாக் என்றான் ஹைக்கல்.
புது வயர் போட்டோம். அப்படியும் நீலம்.
சேனலைப் பார்த்தேன்:
அவளுக்கும் பத்து, எனக்கும் பத்து.
ஒரு கருவி ஒன்றிலிருந்து எண்ணும்,
இன்னொன்று சைபரிலிருந்து எண்ணும்,
ஈப்போவில் ஒருமுறை அந்தச் சண்டையில்
ஒரு கல்யாணமே இருட்டானது.
இன்று அதுவுமில்லை.

நான்காவது பாட்டு. தாலாட்டு.
அவள் நான்கைத் தொட்டாள்,
பொன் விரிய வேண்டிய இடத்தில்
பளீர் பளீர் பளீர்.
மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது.
ஹம்ஸவேணி கண்ணை மூடியபடி
பாடிக்கொண்டே போனாள்.

அப்புறம்தான் எண்களைப் படித்தேன்.
வர வேண்டியது நாற்பத்தொன்று,
வந்தது முப்பத்தொன்பது.
முன்னது? முப்பத்தெட்டுக்கு முப்பத்தாறு.
இரண்டு, இரண்டு,
எல்லாவற்றிலும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு குறைவு.
கெட்டுப்போன சாமானுக்கு
இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.
இது யாரோ செய்தது.

குனிந்து, திரைக்குப் பின்னால் நுழைந்து,
"இறக்கினியா?" என்றேன்.
ஜெசிந்தா மைக்கை நோக்கி
மோவாயை மட்டும் அசைத்தாள்.
"ஒரு கட்டை. அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.
யார்கிட்டயும் சொல்லாதேன்னா."

கீபோர்டும் டிரம்ஸும்தான் மொத்தக் குழு,
டிரம்ஸுக்கு எந்தக் கட்டையானால் என்ன.
முந்நூறு பேர் காதுக்குத் தப்பியதை
என் விளக்குகள்
இரண்டு பாட்டாய் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

அறிவிப்பாளர் நன்றி சொல்லத் தொடங்கினார்.
பூக்கடைக்கு. நகைக்கடைக்கு.
நான் ஒவ்வொரு நிறத்தையும் தூக்கி
இரண்டு படி கீழே உட்கார வைத்தேன்.
டயர்க்கடை முதலாளியின் பெயர் வருவதற்குள்
பொன் இறங்கிவிட்டது.

ஐந்து, ஆறு, ஏழு,
தொட்டதெல்லாம் தொட்டபடி வந்தது.
மின்னலுக்கு இளைஞர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள்.

கடைசிப் பாட்டு.
தொடங்குமுன் ஜெசிந்தா என் பக்கம் திரும்பாமலே
ஒரு விரலை உயர்த்தினாள்.
ஏற்றுகிறாளாம். அசல் கட்டைக்கு.
இதை மட்டும் இறக்கிப் பாட மாட்டேன் என்றாளாம்,
எனக்குப் பிறகுதான் தெரியும்.

நிறங்களைத் திரும்ப ஏற்ற நேரமில்லை.
வயரைப் பிடுங்கினேன்.
பத்து விரலும் பலகை மேல்.
அரைத் தாளம் பிந்தி வந்தது நீலம்,
மனிதன் போட்ட வெளிச்சம் என்று
பார்த்தாலே தெரியும்படி.

சரணத்தின் உச்சியில் வெள்ளை.
ஒத்திகையில் மூன்று முறை சரிபார்த்தது,
அவள் முகத்தில் மட்டும் விழ வேண்டிய வெள்ளை.
விரல் அங்கே போனது.
மேலே போன குரல் அங்கே பிசிறிற்று.
கழுத்து நரம்பு ஒன்று எழுந்து தாழ்ந்தது.
விரலை எடுத்துவிட்டேன்.

நீலத்திலேயே பாடி முடித்தாள்.

"லுப்பா கா?" என்றான் ஹைக்கல்,
முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாய்
வயரைச் சுற்றிக்கொண்டே.

ஆமாம், மறந்துட்டேன் என்றேன்.