உற்பத்தியாளர் கடிதம்

எஞ்சின் இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது, அம்மா.
கார் செய்த கம்பனியிடம் ஒரு கடிதம் வாங்கி வாங்கோ
என்றான், புதுக்குடியிருப்புக்கு மாற்றலாகி வந்த கிளாக்கர்.
நான் சிரித்துவிட்டேன்.

தம்பி, மொறிஸ் இல்லை. ஒஸ்ரின் இல்லை.
ஹில்மனும் வூல்சிலியும்
எங்கள் வளவில் முதல் பங்கர் வெட்ட முன்னமே
கதவைச் சாத்திப்போட்டுப் போட்டினம்.
ஆருக்கு முத்திரை ஒட்ட?

அவை செத்த சேதி
ஓமந்தை தாண்டி வரவில்லை.
பெற்றோலும் வரவில்லை.
சம்பூப் போத்தலில் கால்வாசி பெற்றோல்,
காபரேற்றருக்குள் ஒரு பீச்சு,
இருமி எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்று.
பிறகு மாங்குளம் மட்டும் கரும்புகை.
ஏறின பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாருக்கும் மூக்கு கறுப்பு.
இரண்டு பிள்ளைகள் பின் சீற்றிலேயே பிறந்தன,
ஒன்றுக்கு நான்தான் தொப்புள்கொடி பிடித்தேன்,
எஞ்சினை நிற்பாட்டாமல்.
நிற்பாட்டினால் திரும்பக் கிளம்பாது.

ஒட்டுசுட்டானில் செபத்தியாம்பிள்ளையின் கராஜ்.
கராஜ் என்றால் ஒரு பாலைமரம், ஒரு கப்பி.
கேஸ்கற் வெட்டினது பாட்டா செருப்பில்.
வூல்சிலியின் டைனமோ, ஹில்மனின் ரேடியேற்றர்,
ஒஸ்ரினின் கியர்பொக்ஸ்,
எங்கேயோ எரிந்த லொறியின் சில்லாணி.
கடைசியில் மொறிஸ் என்று மிஞ்சினது
பொனற்றில் இருந்த எழுத்து மட்டும்.
அதிலும் ஒரு எழுத்தைப் பெடியள் கழற்றிப்போட்டாங்கள்.

எழுது தம்பி.
உற்பத்தியாளர்: செபத்தியாம்பிள்ளை அந்தோனிமுத்து.

எழுதினான். உண்மையாகவே எழுதினான்.
முகவரி?

மாத்தளனில் கண்டேன்.
ஆற்றையோ வானுக்குக் கீழே மல்லாந்து கிடந்து
கையை மட்டும் வெளியே நீட்டி
ஒன்பதாம் நம்பர் சாவி கேட்டார்.
என்னிடம் பத்துத்தான் இருந்தது.
அதைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.
சனம் தள்ளிக்கொண்டு வந்தது.

பேனை அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது.
வெளியே வெட்டையில்
ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறிக் கிடக்கிற வாகனங்களுக்குள்
என்னுடையது மூன்றாவது அடுக்கு, தலைகீழ்.
செருப்பு கேஸ்கற் இன்னும் இருக்கும்,
ரப்பர் உக்காது.

அடுத்த ஆள் வரலாம் என்றான் கிளாக்கர்,
என் கடதாசியைத் தனியாய் ஒரு பக்கம் வைத்து.
எனக்குப் பின்னால் நின்றவனிடம்
யப்பான் மோட்டார்சைக்கிள் புத்தகம்.
அந்தக் கம்பனி இருக்குது.
அவனுக்குக் கடிதம் வரும்.