எண்பது தார்

பொகவந்தலாவையில் சவுக்காரம்
தொட்டாலே நுரைக்கும்.
கோண்டாவிலில் முதல் நாள் குளிக்கும்போது
அது கையில் கல்லாகவே கிடந்தது.
பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நெசவுக்கூடத்தில் ஆறு தறி, ஒரு கேத்தில்.
கேத்திலின் உட்புறம் சுண்ணாம்பு அடித்த வெள்ளை.
இரண்டு வாரம், நாளுக்கு மூன்று தரம்
அதிலிருந்துதான் எனக்குத் தேநீர் வந்தது.
அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று
கண்ணாடி வைத்து எண்ணத் தெரிந்த எனக்கு
கேத்திலுக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் சாயம் என் பொறுப்பு.
கட்டுபெத்தை ஆய்வுகூடத்தில் நானே எழுதிய செய்முறை:
லிட்டருக்கு அறுபது கிராம் உப்பு,
இருபது கிராம் சோடா, அறுபது பாகை, ஒரு மணித்தியாலம்.
அங்கே அது வெட்சிப்பூச் சிவப்பு.
இங்கே அண்டாவைத் திறந்தேன்.
கழி பன்னிரண்டும் பழம்புளி நிறம்,
அதுவும் திட்டுத் திட்டாக,
படை விழுந்த தோல் போல.
அண்டாவின் அடியில் மா மாதிரி ஏதோ படிந்திருந்தது.

வாகினி அக்கா ஒரு கழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஏசவில்லை. போய்க் கேத்திலை எடுத்துவந்து
மூடியைக் கழற்றி என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.
"உங்கட லாப்பில இது இல்லைப் போல."

இந்த ஊர்த் தண்ணீர் கல்லுக்குள்ளால் நடந்து வருகிறது,
வரும்போது கல்லையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு.
சாயம் நூலிடம் போய்ச் சேர முன்னர்
கல் அதை வழியில் மறித்துவிடுகிறது.
கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு,
மேலே தெளிந்ததை மட்டும் மொண்டெடுக்க வேண்டும்.
அதற்கு ஓர் இரவு.
புது நூல் வந்து தோய்க்க ஒரு பகல், காய இன்னொன்று.

இதற்குள் கொறற்றி அக்காவின் தறி
வெள்ளைப் பாவைக் கட்டிக்கொண்டு
ஊடையில்லாமல் இரண்டு நாள் நின்றது.

நான் குறித்தது: தாமதம், இரண்டு நாட்கள்.
அவர் மண்ணெண்ணெய்த் துணியால் அச்சின் பற்களைத் துடைத்தார்.
மிதிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்
(முதலில் கட்டியதும் சரியாகத்தான் இருந்தது).
பதினொரு மணிக்குச் சைக்கிளை எடுத்தார்.
"எங்க அக்கா?"
"மீற்றருக்குத்தான் பிள்ளை காசு. இருக்கிறதுக்கில்லை."

எனக்கு மாதம் ஒரு தொகை வருகிறது,
தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.
மறுநாள் காலை அதில் இரண்டு தாளை மடித்துக்
கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.
அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னை,
அறுந்த இழையைப் பார்ப்பது போல,
வெட்டுவதா முடிச்சுப் போடுவதா என்று.
"உதை வைச்சு நான் என்ன செய்ய? தார் சுத்தித் தா.
எண்பது. வெள்ளி விடிய வேணும்.
ரண்டு நாளையும் ஓடிப் பிடிக்க வேண்டாமே?"

பின்னேரம் தொடங்கி இரவு பத்துவரை ராட்டை.
தளர்ந்தால் நாடாவுக்குள் சரியும்,
இறுகினால் துணியின் கரை சுருங்கும்.
இதே பாடத்துக்குப் பரீட்சையில்
எழுபத்தாறு புள்ளி எடுத்தவள் நான்.
நாற்பதாவது தாரில் கட்டைவிரல் வெடித்தது.

பயிற்சிக் குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு
நாலு வரி இடம். எழுதினேன்:
நீரின் கடினத்தன்மை சோதிக்கப்பட்டது.
செய்முறை திருத்தப்பட்டது.
மற்ற இரண்டு வரியின் மேல்
வாகினி அக்கா முத்திரை குத்திவிட்டார்.
அவருடைய செலவுக் கொப்பியைக் களவாகப் பார்த்தேன்:
நூல், கழி 12, நட்டம். காரணம்: தண்ணி.

வெள்ளி காலை சிவப்பு சரியாக விழுந்தது.
ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.
பத்து மணிபோல் தறிச் சத்தம் அறுந்தது.
நாடாவுக்குள் ஒரு தார் சரிந்து,
நூல் சிக்கி, கத்தரிக்கோலால் ஒரு வெட்டு.
திரும்பிப் பார்க்காமலே அதை என் பக்கம் எறிந்தார்.
பிடித்துக்கொண்டேன்.

"எழுபத்தொன்பது" என்றார்,
மிதியை அமுக்கியபடி.