ஒன்பது ஊசி

பகாவ் பள்ளிக்கூடத்தில் ஸ்டோரைக் காலி செய்தார்கள்.
லெலோங்கில் பன்னிரண்டு வெள்ளிக்கு வந்தது பெட்டி:
மஞ்சள் பிளாஸ்டிக் ரோபோ,
இரண்டு மோட்டார்,
முட்டினால் அறிந்துகொள்ள ஒரு கம்பி மீசை,
ஒரு சிடி,
ஒன்பது ஊசி உள்ள ஒரு கேபிள்.

என் மடிக்கணினிக்கு சிடி விழுங்க வாயில்லை.
ஒன்பது ஊசி குத்தக் காதும் இல்லை.

செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
குலையோடு ஒரு தடவை, வெறும் லாரியாக ஒரு தடவை,
கழித்தால் கூலி.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
மேசையில் கிடந்தான் மஞ்சளன், முதுகு திறந்தபடி.

சிடியைக் கோப்பாக்கித் தந்தவர் போட்டோ கடை வோங்.
‘இது எந்தக் காலத்துச் சாமான்?’ என்று மூன்று முறை கேட்டார்.
புதிய விண்டோஸும் அதையேதான் கேட்டது.
ஆகவே கணினியின் வயிற்றுக்குள்
இன்னொரு கணினியைக் கட்டினேன்.
பாசி நிறத் திரை, மணல்கடிகாரம்.
இது தொண்ணூற்றொன்பது என்று பொய் சொன்னேன்.
நம்பியது, பாவம்.

ஒன்பது வெள்ளிக்கு வாங்கிய மாற்றியில் இருந்தது போலிச் சில்லு.
நல்ல மாற்றி, எனக்குத் தெரிந்து, இந்த வட்டாரத்தில் ஒன்றுதான்:
எடைமேடைப் பெட்டிக்கும் ஆபீஸ் கணினிக்கும் இடையில்
தினமும் நான் தூசி துடைக்கிற நீல வால்.

பதினொன்று நாற்பது. லாரி இல்லை.
பிடுங்கினேன்.

கணினி சொன்னது: போர்ட் பதினொன்று.
பழைய மென்பொருளுக்கு நான்குக்கு மேல் எண்ணத் தெரியாது.
பதினொன்றுக்கு இரண்டு என்று பெயர் வைத்தேன்.
திரை முழுக்க எழுத்துக் குப்பை.
ஓ, வேகம்.
எடைமேடைக்கு 9600. இவனுக்கு 2400, நிதானக்காரன்.
பிறகு குப்பையும் நின்றுபோய் மௌனம்.

கோப்பி ஓ ஆறிய பிறகுதான் உறைத்தது:
இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி.
நான் பேசுகிற கம்பி
அவன் பேசுகிற கம்பியிலேயே போய் முட்டுகிறது.
இருவரும் பேசுகிறோம், கேட்க ஒரு கம்பி இல்லை.
(என் கல்யாணத்தில் இதைக் கண்டுபிடிக்க ஆறு வருடம்.)
இரண்டு துண்டு ஒயரைக் குறுக்கே மாற்றிக் கட்டினேன்.

பச்சை விளக்கு, இமைத்து இமைத்து.
நான் எழுதிய எட்டு வரி
சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்க,
அறுபத்திரண்டு விழுக்காட்டில்
ஹார்ன்.

ரஃபிகுலின் லாரி மேடையில் ஏறி நின்றுவிட்டது.
என் ஆபீஸ் திரையில் எண் வரவில்லை.
இப்போது கழற்றினால் பாதி மூளையோடு செத்துப்போவான் மஞ்சளன்.
‘துங்கு செகெஜாப்!’ கத்தினேன்.
எழுபது.
எழுபத்தொன்று.
உதிர்ந்த பழம் ஒன்றிரண்டு தகரத்தில் டக்கென்று விழுந்தது.
ரஃபிகுல் இறங்கி வந்து ஜன்னலில் முகம் வைத்தான்.
‘ரோசாக் கா, காக்?’
‘பெலும்,’ என்றேன். இன்னும் கெடவில்லை.

நூறு.

வாலை எடைமேடைக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
இருபத்தாறு டன் நானூறு. போனான், கொட்டினான்.
அவன் வெறும் லாரியோடு திரும்புவதற்குள்
மஞ்சளனை மேடையின் ஒரு முனையில் இறக்கி
பொத்தானை அழுத்தினேன்.

ரஃபிகுல் மேடைக்கு வெளியே பிரேக் போட்டான்.
விளக்கை மட்டும் அணைக்கவில்லை.
அந்த வெளிச்சத்தில்
தன் உயரத்தைப்போல் முப்பது மடங்கு நிழலை இழுத்துக்கொண்டு
கிர்ர் கிர்ர் என்று இரும்பைக் கடந்தது அது.
லாரி டயரை மீசையால் தொட்டது.
நின்றது. ஒரு சாண் பின்னால் போனது.
இடப்பக்கம் திரும்பியது,
எழுதியபடியே.

எண்பெட்டியைப் பார்த்தேன்: 0.
இருபது கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள்
இந்த மேடைக்கு வருவதே இல்லை.

ரஃபிகுல் சீட்டு கேட்டான்.
‘இதற்கா?’
‘இதற்குத்தான்.’
அடித்தேன். வண்டி எண்: இல்லை.
மொத்த எடை 0, வெறும் எடை 0, கழித்தால் 0.
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
தன் லாரியை ஏற்றினான்.