காயாத கால்சட்டை

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் டிவிசனில்
ஆடி மாதத்து வெயில்
கைமாற்று வாங்கிய ஆள் மாதிரி.
தூரத்தில் தலை தெரியும்,
கூப்பிட்டால் வளைவில் மறைந்துவிடும்.
ரேடியோவில் "ஓரளவு மேகமூட்டம்" என்கிறார்கள்.
மிச்ச ஓரளவை எந்தத் தோட்டத்துக்குக் கொடுத்தார்களோ.

மகனுக்கு இருப்பது இரண்டே நீலக் கால்சட்டை.
ஒன்று போன புதன் துவைத்தது.
இன்றைக்கும் புதன்.
மற்றது நேற்றுக் கானிலிருந்து
அவனோடு சேர்த்துத் தூக்கியது.

"வெயிலு!" என்று கத்தினாள்
அடுத்த காம்பரா ஜெசிந்தா.
அவ்வளவுதான், லயமே வாளியோடு வெளியே.
பன்னிரண்டு வீட்டுச் சாரம், சட்டை, பாவாடை,
யாருடையதென்று யாரும் ஒத்துக்கொள்ளாத
ஒரு ஓட்டைப் பனியன்.
கடைசிக் கிளிப்பைக் குத்தும்போது
முதல் துளி மூக்கில்.

"நீ கத்துனது மழைக்கும் கேட்ருச்சுடி"
என்றாள் என் மனைவி புஸ்பலீலா.
"நான் வெயிலத்தான் கூப்பிட்டேன்.
மழ ஒம் மூஞ்சியப் பாத்து வந்துச்சு."
வாய் ஓயாமல் கை உருவியது.
உள்ளே வந்து எண்ணிப் பார்த்தால்
பனியன் எங்கள் பங்கில்.

அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டோம்.
இரண்டு நாளில் கால்சட்டை காயவில்லை,
கருவாடாகியது.
அயன்பெட்டியை வைத்தோம்.
இடது கால் முடிந்ததும் கரண்ட் போயிற்று.
வலது காலைப் பிழிந்தால்
இன்னும் அரைக் கோப்பை வரும்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.
"ஒரு ராத்திரிக்கு ஸ்டோருல
எத்தன கிலோ கொழுந்து வாட்டுறீங்க?"
"ரெண்டாயிரம் இருக்கும்."
கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.
"ரெண்டாயிரம் கிலோ...
பெத்த புள்ளைக்கு ஒரு கால்சட்ட முடியல."

இதற்கு எந்தச் சங்கத்திலும் பதில் இல்லை.

ரொட்டிப் பார்சலுக்கு அடியில் மடித்துக்
கொண்டுபோனேன்.
மூன்றாவது தொட்டியின் ஓரத்தில்
கொழுந்தோடு கொழுந்தாக விரித்தேன்.
விசிறி ஓடியது.
கால்சட்டை மெல்ல மூச்சு விட்டது.
நான் விடவில்லை.

நாலரைக்கு டீமேக்கர் ரட்ணவேல் ஐயா
வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு
ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.
பிடியில் வந்தது பின்பாக்கெட்.

கண்ணைத் திறந்தார்.
முன்னும் பின்னும் திருப்பினார்.
விரலால் கசக்கியும் பார்த்தார்,
முப்பது வருசப் பழக்கம்.
"என்ன தரம் இது?"

தூக்கக் கலக்கம், பயம் வேறு.
"ஏழாந் தரம் ஐயா. பி வகுப்பு."

விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
ஐயாவின் தோள் குலுங்கியது.
இருமலா சிரிப்பா என்று
அந்த பல்ப் வெளிச்சத்தில் தெரியவில்லை.
"இன்னும் அர மணி போகட்டும்,
பட்டியில ஈரம் நிக்குது."

மத்தியானம் மகன் வந்தான்.
"டீச்சர் சும்மா சும்மா
என் பக்கத்துல வந்து நிக்கிறாங்கப்பா.
ஒன்னப் பாத்தாலே தேத்தண்ணி
குடிக்கத் தோணுதுன்னாங்க."
"நீ என்னடா சொன்ன?"
"சீனி வீட்டுல இருக்குன்னேன்."

அன்றிரவு வேலைக்குப் போனால்
மூன்றாவது தொட்டியருகே டீமேக்கர்.
அவர் கைப்பையின் சிப் முழுக்க மூடவில்லை.
கோடு போட்ட சாரம் ஒன்று
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
நாங்கள் இருவரும்
விசிறியின் பெல்ட்டைப் பற்றியே பேசினோம்.
தரம் கேட்க நாக்குத் துடித்தது.
ஆனால் ஓவர்டைம் தாளில்
கையெழுத்து அவருடையது.

விடிந்து வீடு திரும்பினால்
வாசலில் ஜெசிந்தா,
இடுப்பில் வாளி,
முகத்தில் இல்லாத அடக்கம்.
"அண்ணே, அந்தத் தொட்டி
எவ்வளவு நீளம் இருக்கும்?"