மஞ்சள் வயர்

தலவாக்கலையில் இன்று புழுங்குகிற ஒரே ஆள்
இந்தப் பெட்டிதான்.
வெளியே பன்னிரண்டு பாகை. பஸ் நிலையம்
பனிக்குள் ஒளிந்துகொண்டு ஹோர்ன் அடிக்கிறது.
உள்ளே, திரையில், தொண்ணூற்றாறு.
கையுறையைக் கழற்றி
பெட்டியின் முதுகில் உள்ளங்கைகளைக் காட்டுகிறேன்,
அடுப்புக்குக் காட்டுவதுபோல.
மார்கழியில் வேலை தொடங்குவது இப்படித்தான்.

கொண்டுவந்தவர் நடுக்கணக்குக் கிளாக்கர் ஜெபநேசன்.
தேயிலைப் பேப்பர்ச் சாக்கில் சுற்றி
த்ரீவீலரில் மடியிலேயே வைத்து.
"பின்னேரம் மூன்றானால் தானாகச் செத்துப்போகுது தங்கச்சி,
கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து."
எழுப்பினால் கறுப்புத் திரையில் ஒரே வசனமாம்:
விசிறி சுற்றவில்லை.

நம்பினேன்.
ஹட்டனுக்கு பஸ் ஏறி, இரண்டாயிரத்து நானூறுக்குப்
புது ஃபேன் வாங்கிவந்து பூட்டினேன்.
சத்தமே இல்லாமல் அழகாகச் சுற்றியது.
திரை சொன்னது: பூச்சியம்.
சூடு சொன்னது: தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு,
பிறகு டப்.

பழையதையே திரும்பப் பூட்டி
ஜெர்சிப் பையிலிருந்த ஒரு துண்டுச் சீட்டை
அதன் முன்னால் பிடித்தேன்.
சீட்டு படபடத்தது.
காது வைத்தேன். பிறகு
(யாருக்கும் சொல்லாதீர்கள்) சுண்டுவிரலால்
நடுக்குமிழை மெல்லத் தொட்டேன்.
சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாள், என்றேன்,
வாய் தவறி.

ஆக, வழக்கு இரண்டு.
சூடு உண்மை. பூச்சியம் பொய்.
ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக்கியதில்
எனக்கு ஒரு நாள் போயிற்று.

சூட்டைப் பிடிப்பது லேசு.
ஃபேனைத் தூக்கியதும் கீழே
அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம்
தேயிலைப் பஞ்சு, போர்வைபோலத் திரண்டு.
தூரிகை பட்டதும் கடை முழுக்க ஃபெக்டரி மணம்.
காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையைச் சுரண்டி
புதுப் பசை ஒரு பயறளவு.
நாற்பத்தொன்று.

"காணும் தங்கச்சி, ஓடுதுதானே.
அந்த ஃபேன் எழுத்தை மட்டும் வராமல் பண்ணலாமாமே?"
பண்ணலாம். அமைப்புப் பக்கத்தில்
அதற்கென்றே ஒரு வரி உண்டு:
கண்டுகொள்ளாதே.
அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய்
நிறுத்தியும் விட்டேன்.

கறுப்பும் சிவப்பும் கரண்டுக்கு.
மஞ்சள் வயர், பேர் பதிய.
ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அனுப்பும்,
வந்தேன், வந்தேன் என்று.
அதைக் கேட்கிற ஊசி செத்துக் கிடந்தால்
நாள் முழுக்கச் சுற்றினாலும்
அரைப்பேர்கூட இல்லை.

என் அண்ணி செல்வமேரி
போன செவ்வாய் பத்தொன்பது கிலோ எடுத்தவள்.
அட்டை கடித்த கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்,
பின்னேர நிறை ஏறவில்லையாம்.
ஜெபநேசனிடம் நான் அதைக் கேட்கவில்லை.
அவருடைய விரல்களில் மை.
அன்றிரவு எட்டு மணிவரை
ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவராம்.

அம்புக்குறியைப் பின்னுக்கு எடுத்தேன்.
பலகையைக் கழற்றிப் புரட்டினேன்.
பூதக்கண்ணாடிக்குக் கீழே, மூன்றாவது ஊசியின் அடியில்,
ஈயத்தைச் சுற்றி மயிரிழையில் ஒரு வட்ட விரிசல்.
சூடும் குளிரும் மாறி மாறி இழுத்த இழுப்பு.
ஒரு பொட்டு ஈயம்.
ஒரு மூச்சுப் புகை.

ஆயிரத்து எழுநூற்றிருபது.
ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு.
சாக்கை மடித்துக்கொண்டிருந்தவர் கை நின்றது.
"இவ்வளவு நாளும் இவ்வளவு சுற்றினதா?"
"பழைய ஃபேன்தான். புதுசுக்குக் காசு வேண்டாம்."

கூலி ஆயிரத்து ஐந்நூறு.
ஐந்நூறு கையில், மிச்சம் பத்தாம் தேதி சம்பளத்துக்கு.

பெட்டி போன பிறகு மேசை சில்லிட்டுவிட்டது.
இடது பைக்குள் கையுறை.
வலது பைக்குள்
செவ்வாய்க்கிழமைச் சீட்டு,
இன்னும் அரையாகவே.