இருநூறு கிலோமீட்டர் வரை

மரிபோரிலிருந்து கூரியரில் வந்த அட்டைப்பெட்டி
இரண்டு நாளாகச் சமையலறை மேசையில் கிடந்தது.
மூன்றாம் நாள் காலை ரொட்டியை ஓரம் தள்ளிவிட்டு
நான்தான் பிரித்தேன்.
எண்ணெய்த் தாளுக்குள் இரண்டு பிரேக் தட்டுகள்.
முகம் பார்க்கலாம்,
ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கிறதென்று
வோய்கோ சொல்லத் தொடங்கியது ஏப்ரலில்.
வ்ர்ஷிச் கணவாயின் ஐம்பது வளைவுகளிலும்
தொட்டுத் தொட்டு இறங்கினான்.
பின்னிருக்கையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
பதினாறு வருடமாக அவன் முதுகு வழியாகத்தான்
எனக்குச் சாலை தெரியும்.
அன்று சாலையில் குறையில்லை.

'தட்டு கோணிவிட்டது' என்றான்.
கோணிவிட்டது என்றே வைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை. பனி உருகிய தண்ணீரோடு
சோச்சா ஆறு கராஜுக்குப் பின்னால் இரைந்தது.
பக்கப்பெட்டிகளைக் கழற்றி,
முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினேன்.
அவன் முக்காலியில் உட்கார்ந்து
மடியில் கையேட்டை விரித்து வாசித்தான்,
கைகள் இரண்டும் தொடைக்கு அடியில்.
பக்கம் புரட்ட மட்டும்
வலது கை வெளியே வந்துபோனது.

சக்கரத்தைக் கழற்றும் முன் ஒரு காரியம் செய்தேன்.
பக்கத்து வீட்டு சிரிலிடம் இரவல் வாங்கிய முள்மானியைப்
பழைய தட்டில் பொருத்தி
ஒரு சுற்று சுற்றினேன்.
முள் அசையவில்லை.
இல்லை, அசைந்தது. ஒரு கோட்டில் பாதி.
பத்துக் கோடு வரை போகலாம் என்கிறது கையேடு.
'எவ்வளவு?' என்றான்.
'நிறைய' என்றேன்.

அதன் பிறகு பேச்செல்லாம் இரும்போடுதான்.
பசை போட்டு முறுக்கிய போல்ட்டுகள்;
சூடு காட்டாமல் தொட்டால் தலை வழுக்கிவிடும்.
ஹீட் கன்னை ஒவ்வொன்றின் முன்னும்
பொறுமையாகப் பிடித்தேன்.
ஏழாவது மட்டும் மசியவில்லை.
இத்தாலிய மொழியில் வைதேன்.
எங்கள் பள்ளத்தாக்கில்
நல்ல கெட்ட வார்த்தை வேண்டுமென்றால்
எல்லை தாண்டித்தான் போக வேண்டும்.
டக்கென்று விட்டது.
வோய்கோ சிரித்தான், முக்காலி ஆடும்படி.

துருவைச் சுரண்டி, புதுத் தட்டின் எண்ணெயைத் துடைத்து,
விரல்ரேகை படாமல் விளிம்பில் பிடித்து
உட்கார வைத்தேன்.
எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.
டார்க் ரெஞ்ச் க்ளிக்கென்றால் நிறுத்த வேண்டும்.
எங்கே நிறுத்துவதென்று சொல்லும் பொருள்
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

சக்கரம் ஏறியது. புதுப் பேடுகள் ஏறின.
பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருந்ததால்
லீவர் தளர்ந்து கிடந்தது.
'கெட்டியாகும் வரை அழுத்து' என்றேன்.
அவனுக்கென்று நான் மிச்சம் வைத்திருந்த வேலை.
எழுந்து வந்தான். அழுத்தினான்.
எட்டு, ஒன்பது, பத்து.
பேடுகள் நெருங்கித் தட்டைக் கவ்வுவதை
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
'கெட்டியாயிடுச்சு' என்றான், விடாமல் பிடித்தபடி.
நிமிர்ந்தேன்.

எஞ்சின் ஓடவில்லை.
சக்கரம் சுழலவில்லை.
லீவர் துடித்துக்கொண்டிருந்தது.

அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆறு இரைந்தது. ஹீட் கன் ஆறிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து
கையேட்டில் பக்கம் தேடினான்.
'முதல் இருநூறு கிலோமீட்டர்
மெதுவாகப் பிடிக்கணுமாம்' என்று வாசித்தான்.
'பழகணுமாம்.'
'எது?'
'தட்டும் பேடும்.'

பிறகு சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்தான்,
உப்புக்குப்பியை நகர்த்துவதுபோல.
பின்னால் ஏறி உட்கார்ந்து
'இந்த இருக்கை இவ்வளவு உயரமா' என்றான்.

கோபரிட் வரை அவன் கைகள் என் இடுப்பில்.
எஞ்சினா அவனா
என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.
பாலத்துக்கு முன்னால் செம்மறிகள் குறுக்கே வந்தன.
மெதுவாகப் பிடித்தேன்.
வழுவழுவென்று நின்றது.
அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது.
'மன்னிச்சுக்கோ' என்றான்.

பதினாறு வருடம்
நான் சொல்லிவந்தது அது.